கூட்டாளியோடு கொழும்புச் சதுப்புநில நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு காலையில் நானும் என் கூட்டாளியும் சேறு பிடித்த சப்பாத்தோடு வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்த்தவர்கள் கேட்டவைதான் இவை. மாடிப்படியில் பக்கத்து வீட்டு அன்ரி, அலுவலகத்தில் கூட இருப்பவர்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் முன்பின் தெரியாதவர்கள் என்று யார் கேட்டாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

கொழும்பில எங்க காடு? நடக்கிறதெண்டா சிங்கராஜாவுக்கோ நுவரெலியாப் பக்கமோ தானே போகோணும்?

காடு குறைவுதான். ஆனால் சதுப்புநிலம் நிறைய இருக்கிறது, அதில் ஒரு பகுதி சட்டப்படி பாதுகாக்கப்பட்டும் இருக்கிறது. ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் முதன்முதலாக 18 நகரங்களுக்கு ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரம் கிடைத்தது. அதில் கொழும்பும் ஒன்று. வெள்ளவத்தைச் சந்தியில் நின்று பார்த்தால் நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் ஒரு மணித்தியால பஸ் பயணத்துக்குள் நீர்நாயும் மீன்பிடிப் பூனையும் வாழும் நிலம் இருக்கிறது.

இந்தச் சேற்றுக்கு வரலாறும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் படையைத் தடுக்க, கம்பளை அரசின் அமைச்சர் அழகக்கோனார் கோட்டே கோட்டையைக் கட்டியபோது, சுற்றியிருந்த சதுப்புநிலம்தான் அவருக்குப் பாதி அகழி. இன்று அதே நிலம் மழைவெள்ளத்தைப் பிடித்து வைக்கிறது. நிரப்பி நிரப்பி அது சுருங்கினால் என்ன நடக்கும் என்பதை 2010 நவம்பரில் கோட்டேயில் உள்ள பாராளுமன்ற வளாகமே தண்ணீரில் நின்றபோது எல்லோரும் பார்த்தோம்.

முதல் முதல் போறதுக்கு எது நல்லம்? எங்களுக்குப் பழக்கமில்ல.

பெத்தகான ஈரநிலப் பூங்கா. கோட்டேயில் இருக்கிறது, சுமார் 18 ஹெக்டேயர், 2016இல் திறந்தது, நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளது. தண்ணீருக்கு மேலாகப் பலகைப் பாதை போகும், பறவை பார்க்க மறைவிடங்கள் உண்டு, வழி தவற வாய்ப்பே இல்லை. நுகேகொடைக்குப் போய் அங்கிருந்து பிட்டகோட்டே பக்கம் பஸ்ஸோ ஓட்டோவோ பிடித்தால் சரி.

நேரே உள்ளே ஓடாமல் முதல் மறைவிடத்தில் பதினைந்து நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். நீலத் தாழைக்கோழி நாணலுக்குள்ளிருந்து வெளியே வர அவ்வளவு நேரம் எடுக்கும். வேகமாக நடப்பவர்கள் முழுப் பாதையையும் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டு ‘ஒண்டும் இல்ல’ என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவார்கள். அவர்கள் சொல்வதும் பொய் இல்லை, அந்த வேகத்துக்கு ஒன்றும் தெரியாதுதான்.

அதுக்குப் பிறகு?

தலவத்துகொடையில் தியசரு பூங்கா. சுமார் 60 ஏக்கர், பெத்தகானவை விடக் கொஞ்சம் காட்டுத்தனமானது. இதை நடத்துவது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். தாழ்நிலங்களை நிரப்பி மேடாக்குவதற்காக 1968இல் உருவான நிறுவனம் இன்று சதுப்புநிலத்துக்கு டிக்கெட் வெட்டுகிறது. காலம் அப்படித்தான்.

தலங்கம குளம் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. கொள்ளுப்பிட்டியில் 177ஆம் இலக்க பஸ் ஏறி, பத்தரமுல்லை தாண்டி கொஸ்வத்தையில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள். 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடம். வேலி இல்லை, வாசல் இல்லை, டிக்கெட்டும் இல்லை. குளக்கட்டும் வயல் வரம்பும் ஊர் ரோட்டும் ஒன்றாகக் கலந்திருக்கும். ஊதாமுக மந்தியின் மேற்குப் பகுதி உபஇனம் இங்கே வீட்டுக் கூரைகளுக்கு மேலால் பலாமரத்துக்குப் பலாமரம் தாவும். உலகில் மிக ஆபத்தில் இருக்கும் 25 குரங்கினங்களின் பட்டியலில் இடம்பிடித்த பிராணி அது. அந்தக் கூரைக்காரர் அதைப் பற்றி என்ன சொல்வார் என்பது வேறு கதை.

தெகிவளைப் பக்கத்தார்க்குக் கிட்டியது பெல்லன்வில-அத்திடிய சரணாலயம், 1990இல் அறிவிக்கப்பட்டது. 120ஆம் இலக்க பஸ்ஸில் பொரலஸ்கமுவ வரை போகலாம். நீர்கொழும்புப் பக்கமுள்ள முத்துராஜவெல சதுப்புநிலம் பெரியது, ஆனால் அது நடைக்கான இடம் என்பதை விடப் படகுக்கான இடம். உண்மையான காட்டு நிழல் வேண்டுமென்றால் இங்கிரியவில் போதினாகலை ஒதுக்கக்காடு அல்லது நிட்டம்புவவில் ஹொரகொல்ல தேசிய பூங்கா. ஹொரகொல்ல 13 ஹெக்டேயர்தான். இவ்வளவு சின்னத் தேசிய பூங்காவா என்று சிரித்துக்கொண்டு போகலாம்.

ஏன் எப்பவும் ரெண்டு பேர்? கூட்டமாப் போனா சந்தோசம் தானே, தனியாப் போனா நிம்மதி தானே?

கூட்டமாகப் போனால் அது சுற்றுலா. சாப்பாட்டுப் பார்சல், பாட்டு, குறூப் போட்டோ எல்லாம் வரும், பறவை போய்விடும். தனியாகப் போனால் காலில் முள் குத்தினாலே யோசனை தொடங்கும். இரண்டு பேர் என்றால் ஒருவர் தண்ணீரைப் பார்க்க மற்றவர் மரத்தைப் பார்க்கலாம், ஓட்டோக் காசும் பாதியாகும், பேசாமல் அரை மணித்தியாலம் நடந்தாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் ‘யாரோட போறாய்?’ என்ற கேள்விக்கு ஒரு பெயர் சொல்ல முடிகிறது. எங்கள் வீடுகளில் இது சின்ன விசயமா?

எந்த மாதம், எத்தனை மணிக்கு?

பறவைக்காக என்றால் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை. வடக்கே குளிர் தொடங்கியதும் வலசை வருபவை அந்த நேரத்தில்தான் இங்கே இருக்கும். ஆறுமணிக்குருவியும் நீலவால் பஞ்சுருட்டானும் அப்படி வருபவைதான். கொழும்பில் வசதியான காலம் டிசம்பர் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை, மழை குறைவு. மே, ஜூனில் தென்மேற்குப் பருவமழை அடித்தால் பலகைப் பாதை பாசி பிடித்து வழுக்கும். மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் வரும். திறந்த குளக்கட்டில் அந்த நேரம் நிற்கக் கூடாது.

நேரம் காலைதான். வெளிச்சம் வந்ததும் தொடங்கி ஒன்பதரைக்குள் முடியுங்கள். வாசல் உள்ள பூங்காக்களின் திறக்கும் நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், முதல் நாள் போன் பண்ணிக் கேளுங்கள். போயா தினத்திலும் நீண்ட விடுமுறையிலும் சனம் கூடும்.

என்ன போடுறது, என்ன கொண்டு போறது? ஸ்பெஷல் சப்பாத்து வாங்கோணுமா?

வேண்டாம். வழுக்காத பழைய ரன்னிங் சப்பாத்து போதும். முழுக்கால் பருத்தி உடுப்பு போடுங்கள், டெனிம் நனைந்தால் காயாது. மங்கிய நிறம் நல்லது. ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், நுளம்புக்கு ஏதாவது, தொப்பி, போன் போட ஒரு பொலித்தீன் பை, தேசிய அடையாள அட்டை. சாப்பாட்டுக்கு பணிஸும் வாழைப்பழமும். பெரிய சாப்பாட்டை நடை முடிந்து ஏதாவது கடையில் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் முடிக்கும் நேரத்தில் பருப்புக் கறியும் பாணும் இன்னும் மிச்சம் இருக்கும்.

இரவல் என்றாலும் ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது. இரண்டு பேருக்கு ஒன்று போதும், மாறி மாறிப் பார்க்கலாம்.

தியவன்னாவில முதலை இருக்காமே, உண்மையா?

உண்மை. பாராளுமன்றத்தைச் சுற்றியுள்ள தியவன்னா ஓயாவிலும் அதோடு தொடுத்த கால்வாய்களிலும் முதலை இருக்கிறது. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே விசயம். தண்ணீர் விளிம்பில் குந்தியிருந்து கை கழுவாதீர்கள், பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள். இவ்வளவுக்கும் நீங்கள் முதலை என்று காட்டிக் கத்தப்போவது பெரும்பாலும் கபரகொய்யாவாகத்தான், அதாவது தண்ணீரோரம் வாழும் பெரிய உடும்பு வகையாகத்தான் இருக்கும். அது ஆளைக் கண்டால் தானே தண்ணீருக்குள் விழுந்து போய்விடும்.

மீன்பிடிப் பூனையைப் பார்க்கலாமா என்றும் கேட்பார்கள். அது இரவு நடமாடும் பிராணி, காலை நடையில் எதிர்பார்க்க வேண்டாம். சேற்றில் பாதத்தடம் கண்டால் அதுவே அதிர்ஷ்டம்.

பாம்பு?

இருக்கும். நாகம், புடையன், வெங்கணாந்தி எல்லாம் இந்த நிலங்களில் உண்டு. காலடி வைக்கும் இடத்தைப் பார்த்து நடந்தால், கட்டை தாண்டும்போது அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பிரச்சினை இல்லை. காதில் இயர்போனோடு புல்லுக்குள் நடக்காதீர்கள். எனக்கு இது கண்டிப்பான விதி.

கடித்துவிட்டால் கடிபட்ட ஆள் நடக்கக் கூடாது, இங்கேதான் இரண்டாவது ஆளின் அருமை தெரியும். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, மோதிரம், கொலுசு, மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றி, 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது ஒன்றும் வேண்டாம். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவும் வேண்டாம், முடிந்தால் தூரத்திலிருந்து ஒரு படம் போதும். நாட்டு வைத்தியரிடம் போய்விட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விசமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. கோட்டே, பெல்லன்வில பக்கங்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரியும் ஸ்ரீ ஜயவர்தனபுர ஆஸ்பத்திரியும் கிட்ட.

அட்டை கடிக்குமா? எனக்கு அதுதான் பயம்.

பெத்தகான, தலங்கம போன்ற இடங்களில் பெரிதாக இல்லை. போதினாகலையில் மழைக்குப் பிறகு உங்களுக்காகவே காத்திருக்கும். காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டு, காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேயுங்கள், சித்தாலேப என்ற மூலிகைத் தைலம் பூசினாலும் சரி. ஏறிவிட்டால் பதறி இழுக்காமல் நகத்தால் வாய்ப் பக்கத்தைத் தள்ளி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். கொஞ்ச நேரம் இரத்தம் நிற்காது. பயப்பட ஒன்றுமில்லை.

அப்ப எதுக்குத்தான் பயப்படுறது?

எலிக்காய்ச்சலுக்கு. முதலையையும் பாம்பையும் பற்றிக் கேட்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை. வயலிலும் சதுப்பிலும் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலிலுள்ள வெட்டுக் காயத்தால் உள்ளே போனால் வரும். காயத்தோடு சேற்றுக்குள் இறங்காதீர்கள், வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கால் கழுவுங்கள். நடந்து ஒன்றிரண்டு கிழமையில் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் பெனடோல் போட்டுவிட்டுப் படுக்காமல் டொக்டரிடம் போய், ‘சதுப்புநிலத்தில் நடந்தேன்’ என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெள்ளவத்தை ஆளுக்கு எலிக்காய்ச்சல் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? விவசாயிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். உங்களுக்குத் தேவையா என்பதை டொக்டர் சொல்லட்டும்.

டெங்கு நுளம்பும் பகலில் கடிப்பதுதான். நுளம்பு மருந்தை மறக்காதீர்கள்.

நானும் என்ட சிநேகிதியும் மட்டும் போகலாமா, அக்கா? வீட்ட விட மாட்டினம்.

வாசலும் காவலாளியும் உள்ள பெத்தகான, தியசரு இரண்டுக்கும் தயங்காமல் போங்கள். காலையில் குடும்பங்கள், ஓடுபவர்கள், கமராக்காரர்கள் என்று ஆட்கள் இருப்பார்கள். தலங்கமவில் ஊர் விழித்த பிறகு, ஏழு மணிக்கு மேல் போங்கள். பெல்லன்வில-அத்திடியவின் உள் ரோடுகள் வெறிச்சென்று இருக்கும், அங்கே முதல் தடவை இடம் தெரிந்த யாரோடாவது போவது நல்லது. போனில் இருக்கும் இடத்தை வீட்டுக்குப் பகிர்ந்து விடுங்கள். யாராவது பின்னால் வந்தால் கூச்சப்படாமல் வாசலுக்குத் திரும்புங்கள். பொலிஸுக்கு 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

வீட்டில் விடுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, முதல் நடைக்கு அம்மாவையும் கூட்டிப்போவது. பலகைப் பாதையைப் பார்த்ததும் பாதிப் பயம் போய்விடும். சில அம்மாமார் அடுத்த கிழமையும் வரப் பார்ப்பார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

ரெண்டு தமிழ்ப் பொடியங்கள் காலங்காத்தால பைனாகுலரோட பாராளுமன்றப் பக்கம் நிண்டா பிரச்சினை வராதா?

கேட்க வேண்டிய கேள்விதான். நின்று விசாரித்தால் அடையாள அட்டையைக் காட்டி, ‘குருல்லோ பலன்ன ஆவா’, பறவை பார்க்க வந்தோம் என்று சிரித்துச் சொல்லுங்கள். கையில் பறவைப் புத்தகம் இருந்தால் வாதம் சீக்கிரம் முடியும். பைனாகுலரைக் கட்டடத்துக்கு நேரே திருப்பாதீர்கள், படையினர் நிற்கும் இடங்களைப் படமெடுக்காதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். அதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும், பாராளுமன்றச் சூழலில் அதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

சிங்களம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பூங்காக் காவலாளிமாருக்குப் பறவை எங்கே என்று காட்டுவதில் ஒரு பெருமை. நாங்கள் பல பறவைகளின் பெயரைச் சிங்களத்தில்தான் முதலில் படித்தோம்.

சரணாலயம் எண்டா டிக்கெட் இல்லையாம், தேசிய பூங்கா எண்டா டிக்கெட்டாம், ஒதுக்கக்காடு எண்டா போகவே ஏலாதாம். எது சரி?

மூன்றிலும் உண்மை இருக்கிறது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் இயங்குவது 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ். அதன்படி சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம், உள்ளே போக அனுமதிச்சீட்டு தேவையில்லை, ஆனால் பிராணிகளுக்குத் தீங்கு செய்யக் கூடாது. தேசிய பூங்காவுக்கு அனுமதிச்சீட்டு வேண்டும். ‘கடும் இயற்கை ஒதுக்கம்’ என்று இருந்தால் ஆராய்ச்சிக்காரர் தவிர வேறு யாரும் போக முடியாது.

ஒதுக்கக்காடு வன பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருவது, சட்டமும் வேறு. அங்கே அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். திணைக்களம் பார்வையாளருக்குத் திறந்துவிட்ட பாதையில் மட்டும் போகலாம். இரண்டு திணைக்களங்களின் தலைமையகமும் பத்தரமுல்லையில்தான், சந்தேகம் என்றால் போனிலேயே கேட்கலாம். போதினாகலையில் காட்டுக்குள் பிக்குமாரின் ஆரண்யமும், அதாவது காட்டு மடமும் இருக்கிறது. அங்கே உடுப்பும் சத்தமும் கவனம்.

ஆனா மாப்பில பாதை வடிவாக் காட்டுதே. லபுகம நீர்த்தேக்கத்துக்குப் பின்னால போன வீடியோவும் இருக்கு.

மாப் காட்டுவது யாரோ ஒருவர் நடந்த தடத்தை. அவர் அனுமதியோடு நடந்தாரா என்று அது சொல்லாது. லபுகம நீர்த்தேக்கம் 1886 முதல் கொழும்புக்குத் தண்ணீர் தருவது. அதையும் களட்டுவாவையையும் சுற்றியுள்ள காடு நீரேந்துப் பகுதி, மேலே சொன்ன ஒதுக்கக்காடு வகை. நீங்களும் நானும் காலையில் முகம் கழுவும் தண்ணீர் அங்கிருந்து வரலாம். அனுமதி எடுத்தால் போங்கள், இல்லாவிட்டால் வீடியோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்மா வல்லாரை கிடைச்சாப் பிடுங்கி வரச் சொன்னா. கொஞ்சம் தானே?

வேண்டாம். பூங்காவுக்குள் இலை, பூ, விதை, மீன்குஞ்சு எதையும் எடுக்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள், அந்தத் தண்ணீரில் நகரத்தின் கழிவு வாய்க்கால்களும் வந்து சேருகின்றன. வல்லாரையைச் சந்தையில் வாங்கிக் கொடுத்துவிட்டு நான் பிடுங்கினேன் என்று சொன்னாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவா.

என்ட கூட்டாளி பறவையப் பாக்கிறதில்ல, காலடி எண்ணிக்கைதான் பாக்கிறான். என்ன செய்யிறது?

இதற்குத்தான் எனக்கு அதிகம் கேள்வி வருகிறது, முதலையை விட. வாசலிலேயே ஒப்பந்தம் போடுங்கள். முதல் சுற்று அவன் வேகத்தில், நிற்காமல். இரண்டாவது சுற்று உங்கள் வேகத்தில், அவன் வாயை மூடிக்கொண்டு. பெத்தகான போன்ற சிறிய இடத்தில் இது நன்றாக வேலை செய்யும். திரும்பும் நேரத்தையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பேரில் யார் ‘போதும்’ என்றாலும் அது முடிவு, ஏன் என்று கேட்கக் கூடாது.

அதற்கும் சரிவராவிட்டால் அவனோடு காலிமுகத்திடலில் நடந்துவிட்டு, சதுப்புநிலத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள். தெகிவளை மிருகக்காட்சிசாலையை மையமாகக் கொண்ட இளம் விலங்கியலாளர் சங்கம், கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த களப் பறவையியல் குழு இரண்டிலும் இதே பைத்தியம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

சரணாலய ஓரத்தில டிப்பர் வந்து மண் கொட்டுறதைக் கண்டம். என்ன செய்திருக்கோணும்?

சண்டைக்குப் போகாமல் விட்டது சரி. நிற்கவும் வேண்டாம். நடக்கும் வேகத்திலேயே தூரத்திலிருந்து படம் எடுத்து, வண்டி இலக்கம், நேரம், இடத்தைக் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள். சரணாலயம் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. தலங்கம மாதிரி சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம் என்றால் மத்திய சுற்றாடல் அதிகார சபை. எந்த நிலம் யாருடையது என்று தெரியாவிட்டால் இரண்டுக்கும் சொல்லுங்கள்.

போனில் சொன்னதோடு நிற்காமல் கடிதமும் எழுதுங்கள். தமிழில் எழுதலாம். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது, பதிலும் தமிழில் வர வேண்டும் என்று கடைசி வரியில் கேளுங்கள். படங்களை இணைத்து, இரண்டு பேரும் கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டை எறிய வேண்டாம், ஒரு மாதம் கழித்து நினைவூட்டல் கடிதம் எழுதும்போது அந்த இலக்கம் தேவைப்படும்.